முட்டிச் சில்லு தடம் விலகும்போது

படி ஏறுவதைவிட இறங்கும்போது முட்டி அதிகம் வலிக்கும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் சில்லுக்குப் பின்னால் விண்விண்ணென்று தெறிக்கும். இருபது, முப்பது வயதில் இப்படி வந்தால் ‘தேய்மானம்’ என்று பயந்து நடப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது வலியை வளர்க்கும் வழி. இந்த வயதில் தேய்மானம் அபூர்வம். சில்லு தன் தடத்தில் சரியாக ஓடாதது முக்கியமான ஒரு காரணம்.

தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அதில்தான் வழுக்கி ஓடுகிறது. தொடையின் உட்பக்கத் தசை வலுவிழந்தாலோ, வெளிப்பக்கத் திசு இறுகினாலோ சில்லு வெளியே ஒதுங்கும். அழுத்தமெல்லாம் ஓர் ஓரத்தில் விழும். படியில் அந்த அழுத்தம் உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு. குந்தி உட்கார்ந்தால் இன்னும் அதிகம்.

ஆனால் முட்டியை மட்டும் பார்த்தால் போதாது. எடை தாங்கும் நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சில்லு நகர்வதைவிட அதன் அடியில் தொடை எலும்பு உட்புறமாகத் திரும்புவதே பெரிதாகத் தெரிந்தது. அப்படித் திரும்பவிடாமல் பிடிப்பவை இடுப்பின் பக்கத்தசைகள். கண்ணாடிக்கு எதிரே ஒரு தாழ்வான படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கிப் பாருங்கள். நிற்கும் காலின் முட்டி உள்ளே சாய்ந்தால், கவனிக்க வேண்டிய இடம் இடுப்பு.

2018இல் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் பரிந்துரையும் இதையே சொல்கிறது: இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, மேலே சொன்ன அதே படிப் பயிற்சி. லேசான வலி இருந்தால் தொடரலாம்; மறுநாளும் கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். பலர் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுவதுதான் வருத்தம்.

ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் 1980களில் பரப்பிய டேப் ஒட்டும் முறை, பயிற்சி செய்யும் அளவுக்கு வலியைத் தணிக்கும். வெறுமனே ‘கரண்ட் வைப்பதை’ அந்தப் பரிந்துரை ஆதரிக்கவில்லை. வெளிப்பக்கத் திசுவை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சை ஒருகாலத்தில் தாராளமாக நடந்தது. வலிக்காக மட்டும் அதைச் செய்வது இன்று குறைந்துவிட்டது.

முட்டி வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, சில்லு ஒருமுறையாவது இடம்பெயர்ந்து திரும்பியிருந்தாலோ பயிற்சியைத் தொடங்குமுன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.