வெள்ளைக் கட்டையில் நளினகாந்தி

‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’. மலேசியாவின் ரஹாங்கில் என்னிடம் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் பாட்டு இது. பெங்களூரில் 2003இல் தொடங்கிய ‘அகம்’ என்ற புரோகிரசிவ் ராக் குழுவின் படைப்பு. 2007இல் ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த சன் டிவியின் ‘ஊ ல ல லா’ போட்டியில் வென்ற குழு அது. டிரம்ஸும் மின்கித்தாரும் எவ்வளவு அதிர்ந்தாலும், உள்ளே இருப்பது தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சராதடே’ கீர்த்தனைதான். ராகம் நளினகாந்தி.

‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தின் தலைப்புப் பாட்டுக்கும் இதே ராகம் என்பதால் நம் காதுக்கு இது புதிதல்ல. ஏறும்போது ச க ரி ம ப நி ச. இறங்கும்போது ச நி ப ம க ரி ச. ‘சி’ கட்டையை ஷட்ஜமாக வைத்தால் கறுப்புக் கட்டையைத் தொடவே வேண்டாம். “எல்லாமே வெள்ளைதானே டீச்சர், அப்புறம் ஏன் ராகம் மாதிரி வரமாட்டேங்குது?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

கர்நாடக சங்கீதத்தில் சுரம் ஒரே இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீளும். இதுதான் கமகம். கட்டைக்கோ ஒரே இடம்தான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 1971 வரை அந்தத் தடை இருந்தது. தோட்டத்துக் கோயில் பஜனைகளில் ஆர்மோனியப் பெட்டி இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் கழியாத ஊரில் வளர்ந்தவள் நான். எனக்கு அந்தத் தடை இன்றும் வலிக்கிறது.

மின் கருவி வந்ததும் வழி பிறந்தது. 1970இல் வெளியான ‘லக்கி மேன்’ பாட்டின் முடிவில் கீத் எமர்சன் மூக் சிந்தசைசர் வாசிப்பதைக் கேளுங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கியே போவார். சென்னையின் ‘கீபோர்டு’ சத்யநாராயணன் கச்சேரியில் முழுக் கீர்த்தனையையே கமகத்தோடு வாசிக்கிறார். அதற்கு இடது கை, கருவியின் ஓரத்திலுள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தை விட்டு அகலக்கூடாது. அப்படியானால் பல சுரம் சேர்ந்த கார்டு பிடிக்கக் கை ஏது?

அகத்தின் பலம் இங்கேதான் என்பேன். ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் கமகத்தைச் சுமக்கிறது. கீபோர்டு வாசிக்கும் சுவாமி சீதாராமனுக்கு அதே வளைவை மறுபடி வளைத்துக் காட்டும் அவசியம் இல்லை. குழுவின் தமிழ் வரிகளை எழுதுபவரும் அவரே. குரலுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று பாடலாசிரியருக்குத் தெரியாதா? கீபோர்டு பாட்டுக்குத் தரையாகிறது.

அந்தத் தரையைப் போடுவது சுலபமில்லை. நளினகாந்தியில் தைவதம் (‘ஏ’ கட்டை) கிடையாது. கல்யாண மேடையில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் கார்டுகள் சி, எஃப், ஜி, ஏ மைனர் நான்கும்தான். அவற்றில் எஃப், ஏ மைனர் இரண்டுக்குள்ளும் தைவதம் இருக்கிறது. போட்ட மறுகணம் ராகம் கலைந்து சங்கராபரணத்தின் சாயல் வந்துவிடும். மிஞ்சுவது சி, ஜி, ஈ மைனர், கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும் பி டிமினிஷ்டு.

பிள்ளைகளிடம் எஃப் கார்டில் நடுவிரலைத் தூக்கிவிடச் சொல்கிறேன். மத்யமமும் மேல் ஷட்ஜமும் மட்டும் நிற்கும். மேலே ச க ரி ம என்று ஒருவர் பாட வேண்டும். வாசிப்பவர் அதுவரை வலது கையை மடியில் வைத்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படிக் காத்திருப்பதுதான் கடினம்.