‘கேஸ் தீர்ந்துபோச்சு சார்!’ - கார் ஏசி மக்கர் செய்தால், அதற்கு முன் பார்க்கவேண்டியது கரன்ட்டை!

கார் ஏசி கூலிங் ஆகவில்லை என்று போய் நின்றால், பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான். “கேஸ் தீர்ந்திருக்கும் சார், ஏத்திடலாம்.” ஏற்றுவார்கள். காசும் போகும். பத்து நாள் கழித்து மறுபடியும் வியர்த்துக்கொண்டு அதே கடை வாசலில் நிற்பீர்கள்.

ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓட எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் யாரும் கேஸ் ஏற்றுவதில்லையே! கார் குலுங்கிக்கொண்டே ஓடுவதால் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் வழியாகச் சில வருடங்களில் கொஞ்சம் கசியும், உண்மைதான். அப்படிக் கசிந்தால் கூலிங் படிப்படியாகக் குறையும். நேற்று ராத்திரி வரை ஜில்லென்று இருந்த ஏசி இன்று காலையில் திடீரென்று செத்துப்போனால், கண்டென்சரில் கல் பட்டு ஓட்டை விழுந்திருந்தால் தவிர, முதலில் சந்தேகப்படவேண்டியது ஃப்யூஸ், ரிலே, ஒயர் வகையறாக்களைத்தான்.

‘டக்’ கேட்கிறதா?

என்ஜினை ஸ்டார்ட் செய்து, புளோயரைப் போட்டு, ஏசி பட்டனை அழுத்துங்கள். பானெட் பக்கமிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். என்ஜின் சத்தமும் ஒரு நொடி இறங்கி ஏறும். கம்ப்ரஸரின் முன்பக்கம் இருக்கும் காந்த கிளட்ச் பிடித்துக்கொள்ளும் சத்தம் அது. பெல்ட், புல்லியை எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பட்டனைத் தட்டியதும் ஒரு காயிலுக்கு 12 வோல்ட் போய், அது காந்தமாகி, முன்னால் இருக்கும் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைத்தால்தான் கம்ப்ரஸர் சுழலும்.

அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940-ம் ஆண்டு மாடல்களில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்றபோது இந்த கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றவேண்டும்!

‘டக்’ வரவில்லையென்றால், கேள்வி ஒன்றே ஒன்றுதான். காயிலுக்குக் கரன்ட் வரவில்லையா, வந்தும் காயில் இழுக்கவில்லையா? ஒரு டெஸ்ட் லேம்ப்பை கிளட்ச் கனெக்டரில் வைத்தால் தெரிந்துவிடும். லேம்ப் எரிந்தும் கிளட்ச் பிடிக்கவில்லையா? காயில் போயிருக்கலாம், மல்டிமீட்டரில் 3 முதல் 5 ஓம் அளவில் காட்டினால் பெரும்பாலும் நல்ல காயில், எதுவுமே காட்டவில்லையென்றால் உள்ளே அறுந்துவிட்டது. இன்னொரு வகை உண்டு. காலையில் நன்றாக வேலை செய்யும், ஒரு மணி நேரம் ஓடியபின் நின்றுவிடும், ஆறியதும் மறுபடி வரும். தட்டு தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கும். காயில் சூடானதும் காந்தத்தின் பலம் குறைந்து, அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடிவதில்லை.

இங்கே ஒரு விஷயம். சில புதிய கார்களில் கிளட்ச்சே இல்லை. கம்ப்ரஸர் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு எலெக்ட்ரிக் வால்வுதான் அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ‘டக்’ வராதது கோளாறு அல்ல. ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்கவேண்டும்.

லேம்ப் எரியாவிட்டால் பின்னோக்கிப் போகவேண்டும்: ரிலே, ஃப்யூஸ், ஸ்விட்ச். ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்திலோ மேனுவலிலோ எது ஏசிக்கு என்று போட்டிருக்கும். பல கார்களில் ஹாரன் ரிலேவும் ஏசி ரிலேவும் ஒரே வகை. மேலே உள்ள எண்கள் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏசி பிடித்து, ஹாரன் ஊமையானால் குற்றவாளி கையோடு சிக்கிவிட்டான்!

ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒருமுறை மாற்றலாம். அதுவும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், சிகரெட் பாக்கெட் ஃபாயிலைச் சுற்றிச் செருகுவதும் இன்னமும் நடக்கிறது. ஃப்யூஸ் எரியவேண்டிய நேரத்தில் ஒயர் எரியும். கார்த் தீ விபத்துகளுக்கு வழிவிடும் வேலை இது.

ஸ்விட்ச்சை ஏமாற்றாதீர்கள்

கேஸ் குழாயில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் (புதிய கார்களில் சென்சார்) இருக்கும். உள்ளே அழுத்தம் மிகவும் குறைந்தாலும் கூடினாலும் கம்ப்ரஸருக்குக் கரன்ட் போகாமல் தடுத்துவிடும். அதனால், பார்க்க எலெக்ட்ரிக் கோளாறு மாதிரி தெரிந்தாலும் காரணம் கேஸாகவும் இருக்கலாம். அவசரத்துக்கு அந்த ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து ஓடவிடுகிறவர்கள் உண்டு. கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடவிட்டால் கம்ப்ரஸர் ஜாம் ஆகும். சின்னச் செலவு பெருஞ்செலவாகும்.

டிராஃபிக்கில் அனல், ஹைவேயில் ஜில்!

நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? முன்னால் இருக்கும் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நின்றதும் ஃபேன் இல்லாத குறை தெரிகிறது. எட்டிப் பார்க்கும்போது துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி ஜாக்கிரதை. பல கார்களில் என்ஜினை நிறுத்தியபின்கூட ஃபேன் தானாகச் சுழலும்.

புளோயர் 1, 2, 3-ல் வேலை செய்யாமல் 4-ல் மட்டும் ஓடினால், மோட்டார் நன்றாகவே இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. இதற்காக முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

அரை மணி நேரம் கழித்துக் காற்றின் வேகமே குறைந்து, ஏசியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் சரியாகிறதா? உள்ளே ஐஸ் கட்டுகிறது. கம்ப்ரஸரை நேரத்துக்கு நிறுத்தவேண்டிய சென்சார் ஏமாற்றுகிறதோ என்று பார்க்கவேண்டும்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் இருந்தால் சென்சார்கள் இன்னும் அதிகம். வெளி வெப்பநிலையை அளக்கும் சென்சார் பெரும்பாலும் முன் பம்பர் பக்கம் இருக்கும். சின்ன இடி வாங்கி அதன் ஒயர் அறுந்தால், திரையில் மைனஸ் 40 டிகிரி என்றுகூடக் காட்டும். ‘இந்தக் குளிரில் ஏசி எதற்கு?’ என்று கம்ப்யூட்டர் கம்ப்ரஸரைப் போடாது. மே மாத வேலூரில்! டேஷ்போர்டின் மேல் கண்ணாடியை ஒட்டிக் குமிழ் மாதிரி இருப்பது வெயில் சென்சார். பிள்ளையார் சிலையை அதன்மேல் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒட்டலாம்.

நம் ஊரில் எலியையும் மறக்கக் கூடாது. நாலு நாள் நிறுத்திவைத்த கார் என்றால் முதலில் ஒயர்களைக் கண்ணால் பாருங்கள். கடலோர ஊர்களிலும், மழைவெள்ளத்தில் நின்ற கார்களிலும் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கும். ஏசி ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை கிளட்ச்சின் எர்த்திலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் மட்டும் இதெல்லாம் வேண்டாம். அங்கே கம்ப்ரஸரே உயர் வோல்டேஜில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் கேஸ்தான் பிரச்னை என்று மெக்கானிக் சொன்னால், மெஷின் வைத்திருக்கும் கடையாகப் போங்கள். மேலோட்டமாக ‘டாப்-அப்’ செய்தால் அளவு தெரியாது. கூடிப்போனாலும் கூலிங் குறையும். மெஷின், பழைய கேஸை உறிஞ்சி எடுத்து எத்தனை கிராம் என்று காட்டும். பல கார்களில் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். ஸ்டிக்கரில் 450 கிராம், மெஷினில் 430 கிராம் என்றால், கேஸ் பாட்டுக்கு உள்ளேயேதான் இருந்திருக்கிறது. “அண்ணே, ஒயரிங்கை ஒருமுறை பாருங்களேன்” என்று கேட்கவேண்டிய இடம் அது.