கன்றைக் காற்றில் ஆட விடுங்கள்

புதிதாக நட்ட மரக்கன்றின் பக்கத்தில் குச்சி ஊன்றி இறுக்கிக் கட்டுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான கன்றுகளுக்கு அது தேவையில்லை, பலவற்றுக்குக் கெடுதலும்கூட. இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் 1803-இல் வெளியிட்ட சோதனையில், சில இளம் ஆப்பிள் மரங்களை அசையாதபடி கட்டிவைத்து, மற்றவற்றைக் காற்றில் ஆட விட்டார். ஆடிய மரங்களின் அடித்தண்டே அதிகம் பருத்தது. வடக்கு தெற்காக மட்டும் ஆட முடிந்த மரம் அந்தத் திசையிலேயே கூடுதலாகப் பருத்திருந்தது. வளைந்து வருந்தும் இடத்தில்தான் மரம் புதுத் திசுவை அதிகம் சேர்க்கிறது. கட்டிப்போட்ட கன்றோ உயரத்தில் மட்டும் நீள்கிறது. கயிற்றை அவிழ்த்ததும் சாய்கிறது.

பலத்த காற்றுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். பாலித்தீன் பையில் வேர் சுருண்டு, நெடுநெடுவென வளர்ந்த கன்றை வெட்டவெளியில் நட்டால் அது வேரோடு பெயரக்கூடும். அதற்கு ஊன்றுகோல் வேண்டியதே. அப்போதும் தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டினால் போதும்: அடி நிற்கும், தலை ஆடும். கம்பியும் நைலான் கயிறும் பட்டையை அறுத்து, இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்கும் வழியை அடைத்துவிடும். ஆடு மாடு மேயுமே என்றால், அதற்கு வேண்டியது கூண்டு, குச்சியல்ல. ஓராண்டுக்குள் கோலைப் பிடுங்கிவிட வேண்டும். நட்டவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.