ஆயாவுக்கு எத்தனை வேலை?

போன வாரம் பெங்களூருல என் டீம்ல இருக்குற ஒரு அண்ணன், ரெண்டரை வயசு பொண்ணைப் பார்த்துக்க ஆள் தேடிட்டு இருந்தார். வேலைப் பட்டியலைக் காட்டினார். ரெண்டு வேளை சமையல், பாத்திரம், துணி மடிக்கிறது. கடைசி வரியில, "தினமும் குழந்தைக்கு ஆக்டிவிட்டி." அதுக்காக ஃப்ளாஷ் கார்டு, மரப் பொம்மைன்னு ஒரு பெரிய ஆர்டர் வேற போட்டிருந்தார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது, தர்மபுரி மாவட்டத்துல நான் போன பால்வாடி. அங்கேயும் ஒரு டீச்சர், சமைக்கிறதுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கவும் ஒரு ஆயா. அவங்க வேலைப் பட்டியலும் இதே மாதிரிதான் இருக்கும்.

அரசோட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்னைக்கு, நாடு முழுக்க 33 வட்டாரங்கள்ல தொடங்குச்சு. தமிழ்நாட்டுல முதல்ல எடுத்துக்கிட்ட இடங்கள்ல தளியும் ஒண்ணு. இப்போ அது கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 வரைக்கும் எங்க தர்மபுரிதான். இன்னைக்கு மாநிலத்துல 54,000-க்கும் மேல அங்கன்வாடிகள் இருக்கு. இந்தத் திட்டத்துல மொத்தம் ஆறு சேவைகள்: சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புறது, தாய்மார்களுக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி. எடை பார்க்கணும், பதிவேடு எழுதணும், இப்போ செயலியிலயும் ஏத்தணும். இதுல எது தள்ளிப்போகும்? பிள்ளைகளோட உட்கார்ந்து விளையாடுற நேரம்தான். அதை மட்டும்தான் யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க.

சரி, இன்னொரு ஆள் இருந்தா என்ன ஆகும்? இதைத் தமிழ்நாட்டுலயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. கார்த்திக் முரளிதரன், அலெஜாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள். 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்குன்னே அரைநேர ஊழியர் ஒருத்தரைக் கூடுதலா குடுத்தாங்க. நம்ம பாஷையில சொன்னா ஏ/பி டெஸ்ட்.

கற்பிக்கிற நேரம் ரெண்டு மடங்காச்சு. ஒன்றரை வருஷத்துல கணக்கு, மொழி ரெண்டுலயும் அந்தப் பிள்ளைங்க முன்னாடி இருந்தாங்க, மொழியில இன்னும் கூடுதலா. ஏற்கெனவே இருந்த டீச்சருக்கும் கை கொஞ்சம் ஓய்ஞ்சதால, சத்துணவு வேலைக்கு நேரம் கிடைச்சது. ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைஞ்சது.

காரணம் ரொம்பச் சாதாரணம். குழந்தை ஒண்ணைக் காட்டி "அது என்ன?"ன்னு கேக்குது. பெரியவங்க திரும்பிப் பார்த்து பதில் சொல்லி, இன்னொரு கேள்வி கேக்குறாங்க. பேச்சு வளர்றது இந்த மாத்தி மாத்திப் பேசுறதுலதான். அடுப்புல குழம்பு கொதிக்கும்போது யாரால திரும்பிப் பார்க்க முடியும்? ஃப்ளாஷ் கார்டு பதில் பேசாது.

பொருள் எதுவா இருந்தாலும் பரவாயில்லை. எங்க ஊர்ல புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. பெருசு, சிறுசுன்னு பிரிக்கலாம், எண்ணலாம், கோலம் மாதிரி அடுக்கலாம். மூணு வயசுக்குக் கீழன்னா தொண்டையில சிக்கிடும், அதனால கொட்டைக்குப் பதிலா கிண்ணம், கரண்டி குடுங்க. அதுக்கு மேலன்னாலும் பக்கத்துல ஆள் இருக்கணும்.

அண்ணன்கிட்ட நான் சொன்னது இதுதான்: பொம்மை ஆர்டரை ரத்து பண்ணுங்க, அந்தக் காசுல சமையலுக்குத் தனியா ஒருத்தரை வைங்க. கட்டுப்படியாகலையா? காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த அக்காவை வேற எதுக்கும் கூப்பிடாதீங்க. பாத்திரம் காத்திருக்கட்டும்.

அப்படியே உங்க ஊர் பால்வாடிக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க. அங்கே எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவங்கன்னு எண்ணுங்க. ஆக்டிவிட்டி நடக்குமா நடக்காதாங்கறது அந்தக் கணக்குலேயே தெரிஞ்சிடும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.