பிட்டுக்கு ஒரு பீஸ் கேக்... வேணாம் மச்சி!

எங்க ஹாஸ்டல் நாய்க்குப் பேரு பிட்டு. எப்பவும் எக்ஸாம் ஹால் வாசல்லயே படுத்துக் கிடக்கும்கிறதால சீனியர்ஸ் வெச்ச பேரு. போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி ரூம்மேட்டுக்கு பர்த்டே. மூஞ்சியில பூசினது போக மிச்சமிருந்த சாக்லேட் கேக்கைப் பூரா பிட்டுக்கே வெச்சுட்டோம். தட்டை நக்கி கண்ணாடி மாதிரி ஆக்கிட்டுதான் போச்சு!

காலையில ஆறு மணிக்கு வராண்டா முழுக்க வாந்தி. உட்காரவும் மாட்டேங்குது, படுக்கவும் மாட்டேங்குது. மாடிப்படியில ஏறுது, இறங்குது, திரும்ப ஏறுது. நெஞ்சுல கை வெச்சா தடதடன்னு எக்ஸ்பிரஸ் ரயில்! ஆட்டோ பிடிச்சு கால்நடை டாக்டர்கிட்ட ஓடினோம். ''என்னப்பா கொடுத்தீங்க?''ன்னு கேட்டார். ''பாசத்துல...''ன்னு இழுத்தான் ரூம்மேட். மேற்கொண்டு பேச்சே வரலை அவனுக்கு.

வில்லன் பேரு தியோபுரோமின். கோகோவுல இருக்கிற சமாசாரம். நம்ம உடம்பு அதைச் சீக்கிரமா கழிச்சுடும். நாய்க்கோ, உள்ளே போனதுல பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகுமாம். வாந்தி, படபடப்பு, ஓவர்டோஸ் ஆனா வலிப்பு. இன்ஜினீயரிங் படிச்சுட்டு கணக்கு போடலைன்னா எப்படி? நாயோட எடையில ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே தொந்தரவு ஆரம்பம். பிட்டு 15 கிலோன்னு வெச்சுக்கிட்டா 300 மில்லிகிராம். மில்க் சாக்லேட்னா சுமார் 130 கிராம் வேணும். ஆனா கோகோ பவுடர்? வெறும் 10 கிராம் போதும். கசப்பு ஏற ஏற ஆபத்தும் ஏறும்!

கேக்காவது வருஷத்துக்கு நாலு தடவை. மெஸ் சாம்பார் தினமும் ஆச்சே! வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சுடும். வேக வெச்சாலும் அந்த வேலையைக் காட்டாம விடாது. பூண்டுக்கு வீரியம் இன்னும் ஜாஸ்தி. மோசம் என்னன்னா, அன்னிக்கே எதுவும் தெரியாது. சில நாள் கழிச்சுதான் ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் டிகாக்ஷன் கலர்ல வரும். அதுக்குள்ள என்ன கொடுத்தோம்கிறதே நமக்கு மறந்து போயிருக்கும்.

திராட்சை கதை இன்னும் சுவாரஸ்யம். திராட்சையும் கிஸ்மிஸும் நாயோட கிட்னியைக் காலி பண்ணும்னு ரொம்ப வருஷமா தெரியும், ஏன்னுதான் தெரியாம இருந்தது. 2021-ல அமெரிக்காவோட ஏ.எஸ்.பி.சி.ஏ. விஷ சிகிச்சை மைய டாக்டர்கள், காரணம் டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு சொன்னாங்க. அந்த அமிலம் நம்ம ஊர்ல எதுல கொட்டிக் கிடக்கு தெரியுமா? புளியில! ஸோ, பாயசம் மட்டுமில்லை, புளியோதரையும் கட்.

அப்புறம், சுகர்ஃப்ரீ சூயிங்கம். அதுல சைலிட்டால் இருந்தா, நாய்க்கு இன்சுலின் எகிறி அரை மணி நேரத்துலயே சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிடலாம், ஈரலும் கெடலாம். பிரியாணி எலும்பு விஷம் இல்லைதான். ஆனா வெந்த எலும்பு ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிச்சுடும்.

இன்னொரு விஷயம். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன்னு கிளம்பிடாதீங்க, அந்த உப்பே ஆளை முடிச்சுடும். எதை, எவ்வளவு, எப்போ தின்னுச்சுன்னு சொல்லி, முடிஞ்சா கவரையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடணும். சென்னைன்னா வேப்பேரி கால்நடைக் கல்லூரி இருக்கு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கத்து ஆளுங்களுக்கும் அங்கங்கே கால்நடைக் கல்லூரி உண்டு.

பிட்டு ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டு, மூணாம் நாள் ஆட்டோவுல கெத்தா வந்து இறங்குச்சு. இப்பல்லாம் பர்த்டேன்னா அதுக்கு வெறும் சோறும் அவிச்ச முட்டையும்தான். முட்டையை முழுங்கிட்டு, கேக் டப்பாவையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு... ராஸ்கல்!