உங்களுக்குத் தெரியுமா? நீக்கிய பிறகும் மென்பொருள் இடத்தை அடைத்திருக்கும்!

2012 பிப்ரவரியில் பிரிட்டனில் அறிமுகமான குட்டிக் கணினி ராஸ்பெரி பை. இயங்குதளம், மென்பொருள், கோப்புகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மெமரி கார்டில்தான். அதில் இடம் மிச்சப்படுத்த, டெபியன் வழிவந்த அதன் இயங்குதளத்தில் 'ஆப்ட்-கெட்' கட்டளைகள் உண்டு.

• ரிமூவ்: மென்பொருளை நீக்கும், ஆனால் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும்.

• பர்ஜ்: அந்தக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும்.

• ஆட்டோரிமூவ்: துணைக்கு வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாத தொகுப்புகளைக் களையெடுக்கும்.

• கிளீன்: நிறுவுவதற்காக இறக்கிச் சேமித்த பிரதிகளை அழிக்கும், நிறுவிய மென்பொருள் வழக்கம்போல் இயங்கும்.

முதல் மூன்றும் நீக்கப்போகும் தொகுப்புகளின் பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும். அதை முழுக்கப் படித்த பிறகே சம்மதியுங்கள். உங்களுக்கு வேண்டிய ஒன்றும் அதில் இருக்கலாம்!