99 சதவீதம் போதாது

கும்மிடிப்பூண்டி அருகே தேர்வாய் கண்டிகையில் ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் 2020-ல் திறந்த நீர்த்தேக்கம். அதன் அரை டி.எம்.சி. தண்ணீர் சென்னையின் குடிநீருக்கானது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் உறிஞ்சியதில் கடல்நீரே நிலத்தடியில் ஏறிவிட்டது. கும்மிடிப்பூண்டி வட்டார ஆலைகள் கோடையிலும் நம்பக்கூடிய ஊற்று ஒன்று உண்டென்றால், அது சாக்கடைதான்.

இதற்கு மணலி முன்னோடி. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத்தொழிற்சாலையும் 1990-களிலிருந்தே சென்னைக் குடிநீர் வாரியத்திடம் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கின. 2019-ல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆர்.ஓ. நிலையம் வந்தது. அதே ஆண்டு கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று. பேச்செல்லாம் ஆர்.ஓ. சவ்வைப் பற்றித்தான். அதற்கு முந்தைய தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பழுப்பு நிறத்தில் நுரைத்துக் கொண்டிருக்கும் அந்த ஏரேஷன் டேங்க் நன்றாக வேலை செய்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். ஆபரேட்டர் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீரை மொண்டு அரைமணி நேரம் வைப்பார். ஸ்லட்ஜ் எனும் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்தால் நிம்மதி. படிந்ததில் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வோர்டிசெல்லா தெரியும்: காம்பில் ஆடும் மணி போன்ற ஒருசெல் உயிரி. வாயோரத்து மயிர்களைச் சுழற்றி பாக்டீரியாக்களை இழுத்துத் தின்கிறது.

காற்றூட்டி நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இந்த முறை 1914-ல் மான்செஸ்டரில் பிறந்தது. அதற்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்துவிட்டார். அங்கே எஸ்.சி. பிள்ளையும் வி. சுப்ரமணியனும் 1942-ல் ‘நேச்சர்’ இதழில், கழிவுநீரைத் தெளியவைப்பதில் பாக்டீரியாவுக்கு மட்டுமல்ல, வோர்டிசெல்லா போன்ற இந்த ஒருசெல் உயிரிகளுக்கும் பெரும் பங்குண்டு என்று எழுதினார்கள். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் கர்ட்ஸ் குழுவினர் சோதனைத் தொட்டிகளில் இவை இல்லாமலும் இவற்றைச் சேர்த்தும் பார்த்தனர். இல்லாதபோது நீர் கலங்கியது; சேர்த்ததும் ஈ.கோலை எண்ணிக்கை இறங்கியது. 

இனி கணக்குக்கு வருவோம். கச்சாச் சாக்கடையில் 100 மில்லிக்கு ஒரு கோடி மலக்கிருமிகள் இருப்பது சாதாரணம். நல்ல உயிரியல் சுத்திகரிப்பு 99 சதவீதத்தை எடுத்துவிடும். மிச்சம் ஒரு லட்சம். பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் விதித்த உச்சவரம்பு 230. மீதி வேலை குளோரினுக்கும் புற ஊதா விளக்குக்கும் சவ்வுக்கும். முந்தைய தொட்டி சொதப்பினால் இவையும் சேர்ந்து சொதப்பும். அம்மோனியா குளோரினைக் கட்டிப்போட்டு வீரியத்தைக் குறைக்கும், கலங்கல் விளக்கின் ஒளியை மறைக்கும், சவ்வு அடைத்துக்கொள்ளும்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் தொட்டிக்குக் காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்துவது இந்தத் தொழிலில் அறியாத பழக்கமல்ல. ஆக்சிஜன் போனால் சுருண்டு விழும் உயிர்களில் வோர்டிசெல்லாவும் ஒன்று. “மெஷினுக்குத்தானே தண்ணி, கிருமி இருந்தால் என்ன?” என்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடும் கூலிங் டவரின் சாரலைச் சுவாசிப்பவர் பக்கத்தில் வேலை செய்யும் தொழிலாளி. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பரவும் முக்கிய வழி இத்தகைய சாரல்தான். வெதுவெதுப்பான கோபுரத்தில் மிஞ்சிய அழுக்கில் படரும் நுண்ணுயிர்ப் படலத்தில், அமீபா போன்ற ஒருசெல் உயிரிகளுக்குள் புகுந்து அது பெருகும்.

இன்னொரு கவலை: நீரிலிருந்து நீங்கிய கிருமிகளில் ஒரு பகுதி செத்துப்போவதில்லை, ஸ்லட்ஜோடு சேர்ந்து அடியில் இறங்குகிறது. குடற்புழு முட்டைகள் அப்படித்தான். குளோரினும் அவற்றை அசைக்காது. 55 டிகிரிச் சூட்டில் நாட்கணக்கில் கம்போஸ்ட் ஆக்கினால் சாகும். நான்கு நாள் வெயிலில் உலர்த்தி, உரம் என்று வயலுக்கு லாரி ஏற்றினால் அந்த முட்டைகளும் உயிரோடு வண்டி ஏறும்.